கால்விரல் எலும்புகள்: சுண்டுவிரலில் இரண்டா, மூன்றா?

கேள்வி
12 ஜனவரி 2024

அப்பாவுக்குச் சர்க்கரை வந்து பல வருடம் ஆகிறது. வலது கால் சுண்டுவிரலில் ஆறாத புண். எக்ஸ்ரே எடுத்தோம். நடுவில் இருக்கும் விரல்களில் மூன்று மூன்று எலும்பு தெரிகிறது, சுண்டுவிரலில் இரண்டுதான் இருக்கிறது. ஒரு எலும்பு கரைந்துவிட்டதா? உறவினர் ஒருவர், "கால்விரலெல்லாம் குரங்காக இருந்த காலத்து மிச்சம், ஒன்று போனால் ஒன்றும் ஆகாது, எடுத்துவிடச் சொல்லு" என்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

12 ஜனவரி 2024, இரவு

தம்பி, நான் பிசியோதெரபிஸ்ட், டாக்டர் இல்லை. ஆனால் என் வேலையில் பாதி நேரம் பாதங்களோடுதான் போகிறது, அதனால் எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. ஒரு பாதத்தில் 26 எலும்பு. குதிகாலும் நடுப்பாதமும் சேர்ந்து 7. அதற்கு முன்னால் நீளவாக்கில் 5, இவற்றை மெட்டாடார்சல் என்பார்கள். அதற்கும் முன்னால் விரல் எலும்புகள் 14. கட்டைவிரலில் 2, மற்ற நான்கு விரலிலும் அடி எலும்பு, நடு எலும்பு, நுனி எலும்பு என்று மூன்று மூன்று. பாடப்புத்தகத்தில் இப்படித்தான் இருக்கும்.

சுண்டுவிரல் இந்தக் கணக்குக்குப் பல பேரிடம் அடங்காது. நடு எலும்பும் நுனி எலும்பும் பிரியாமல் ஒன்றாகவே இருக்கும். ஐரோப்பியர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் இப்படி, ஜப்பானியர்களில் பாதிக்கும் மேல். நோயே இல்லாதவர்களின் எக்ஸ்ரேயிலும் இதை அடிக்கடி பார்க்கலாம். நடப்பதற்கு இதனால் ஒரு குறையும் வராது.

அதனால், இரண்டு எலும்பு தெரிகிறது என்பதை மட்டும் வைத்து ஒன்று கரைந்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். இடது காலையும் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். பிறவியிலேயே இப்படி என்றால் பெரும்பாலும் இரண்டு காலிலும் ஒரே மாதிரி இருக்கும், எலும்பின் ஓரம் வழவழப்பாக ஒரே கோடாக ஓடும். கிருமி தின்ற எலும்பின் ஓரம் அரித்து, கோடு அறுந்து தெரியும்.

ஆனால் ஒன்று. எலும்பில் கிருமி ஏறி இரண்டு மூன்று வாரம் ஆகும்வரை எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாமலும் இருக்கலாம். படம் சுத்தமாக இருக்கிறதே என்று விட்டுவிடவும் கூடாது. புண்ணுக்குள் மழுங்கிய கம்பி ஒன்றை மெதுவாக விட்டு, முனை எலும்பைத் தொடுகிறதா என்று டாக்டர் பார்ப்பார். தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுப்பார். விரலை எடுப்பதா வேண்டாமா என்பது அந்த முடிவுகளைப் பார்த்துவிட்டு அவர் சொல்ல வேண்டியது, உறவினர் சொல்ல வேண்டியது இல்லை.

"மிச்சம்" என்ற பேச்சுக்குத் தனியாக எழுதுகிறேன். அது என்னை விடாது.

13 ஜனவரி 2024

மேலே ஒருவர், தலைமுறை தலைமுறையாக ஷூ போட்டு நெருக்கியதால்தான் சுண்டுவிரல் எலும்புகள் ஒட்டிக்கொண்டன என்று எழுதியிருக்கிறார். இல்லை. கருவில் எலும்பு ஆவதற்கு முன், குருத்தெலும்பாக இருக்கும்போதே அவை பிரியாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். செருப்பே காணாத கால் அது.

15 ஜனவரி 2024

எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்துகள். காலையில் எங்கள் தெருவில் குந்தி உட்கார்ந்து கோலம் போட்டுக்கொண்டிருந்த பெண்களின் கால்களைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். குதிகால் தூக்கி, முன்பாதத்தில் எடை முழுவதையும் வைத்து, விரல்கள் தரையில் தட்டையாகப் பதிந்து, விரலுக்கும் பாதத்துக்கும் நடுவில் நல்ல மடிப்பு. கால்விரல் எதற்கு என்று கேட்டால் அந்த மடிப்பைத்தான் நான் காட்டுவேன்.

பலரும் விரல் என்றதும் பிடிப்பதை நினைக்கிறார்கள். கால்விரலால் துணியை எடுப்போம், விழுந்த பேனாவை எடுப்போம், அதெல்லாம் உண்டு. ஆனால் நாள் முழுக்க அது செய்யும் வேலை வேறு. ஒவ்வொரு அடியிலும் குதிகால் எழும்பும்போது விரல் தரையிலேயே கிடக்க, அதன் அடி எலும்பின் மேல் பாதம் பின்பக்கமாக மடங்குகிறது. கட்டைவிரல் மூட்டு சாதாரண நடையில் ஏறக்குறைய 60 டிகிரி வரை மேல்நோக்கி மடங்க வேண்டியிருக்கிறது. நம் உடம்பில் இப்படி எடையைத் தாங்கிக்கொண்டே இவ்வளவு மடங்கும் சிறிய மூட்டு வேறு இல்லை.

அந்த மடிப்பால் என்ன ஆகிறது என்பதுதான் அழகு. பாதத்தின் அடியில் குதிகால் எலும்பிலிருந்து கிளம்பும் ஒரு தடித்த நார்ப்பட்டை, பிளான்டார் ஃபேசியா, ஐந்து விரல்களின் அடி எலும்பிலும் போய்ப் பிடிக்கிறது. விரல் மேலே மடங்கினால் பட்டை மெட்டாடார்சல் எலும்பின் தலையைச் சுற்றி இழுபடும். கிணற்று ராட்டினத்தில் கயிற்றைச் சுற்றினால் வாளி ஏறுகிற மாதிரி பாதத்தின் வளைவு ஏறும். வளைவு ஏறினால் தளர்ந்து கிடந்த பாதம் விறைத்து ஒற்றைத் துண்டாகிவிடும், அதை ஊன்றித் தரையை உந்தலாம். 1954இல் ஹிக்ஸ் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் இதை எழுதிக்காட்டினார். தசை எதுவும் வேலை செய்யாமலே இது நடக்கும், மடக்கினால் போதும் என்பது அவர் சொன்னதில் எனக்கு மிகவும் பிடித்தது.

வீட்டிலேயே பார்க்கலாம். ஒருவரை நேராக நிற்கச் சொல்லுங்கள். அவர் கட்டைவிரலை உங்கள் கையால் மெதுவாக மேலே தூக்குங்கள். உள்பக்க வளைவு எழும்புவது கண்ணுக்கே தெரியும். தட்டைப் பாதம் என்று அழைத்துவரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் செய்து பார்ப்பது இதைத்தான். விரலைத் தூக்கியதும் வளைவு வந்துவிட்டால் பெற்றோர் முகத்தில் பாதிக் கவலை போய்விடும்.

15 ஜனவரி 2024, மாலை

காலையில் எழுதியதோடு சேர்த்துப் படியுங்கள். படுக்கையிலிருந்து இறங்கியதும் முதல் சில அடிகள் குதிகால் குத்துகிறது என்று பல பேர் வருகிறார்கள். வலி குதிகாலில், சிகிச்சை விரலில். இறங்குவதற்கு முன் உட்கார்ந்தபடியே வலிக்கும் காலை மற்றத் தொடை மேல் போட்டு, ஐந்து விரலையும் கையால் முழங்கால் பக்கம் இழுத்துப் பத்து எண்ணும்வரை பிடிக்க வேண்டும். இப்படிப் பத்து முறை. அப்புறம்தான் தரையில் கால் வைக்க வேண்டும். சில வாரம் விடாமல் செய்தவர்களுக்குத்தான் பலன் தெரியும்.

17 ஜனவரி 2024

கட்டைவிரலில் இரண்டே எலும்பு என்றால் அது குறைவான வேலை செய்கிறது என்று யாரோ எழுதியிருந்தார். நேர் எதிர். டட்லி மார்ட்டன் என்ற அமெரிக்க உடற்கூறியலாளர் முன்பாதத்தின் எடையை ஆறு பங்காகப் பிரித்தார். கட்டைவிரலுக்குப் பின்னால் இருக்கும் முதல் மெட்டாடார்சலுக்கு இரண்டு பங்கு, மற்ற நான்குக்கும் ஒவ்வொரு பங்கு. முதலாவதுக்கு ஏன் இரண்டு? அதன் தலைக்கு அடியில் பயறு அளவில் இரண்டு தனி எலும்புகள், கட்டைவிரலை மடக்கும் தசைநாருக்குள் புதைந்து கிடக்கின்றன. செஸமாய்டு என்று பெயர். 26 என்ற கணக்கில் இவை சேராது. எடை இறங்குவது அவற்றின் மேல். விரல் நுனிக்குப் போகும் இன்னொரு நீளத் தசைநார் நசுங்காமல் அவற்றுக்கு நடுவே ஓடுகிறது.

பரதம் ஆடுகிறவர்கள் என்னிடம் வந்தால் பெரும்பாலும் இந்த இடம்தான். குதித்து மெட்டு அடவில் முன்பாதத்தில் எழும்பிக் குதிகாலைத் தட்டுவார்கள் அல்லவா, அந்த எழும்பல் முழுக்கச் செஸமாய்டின் மேல். சிமெண்ட் தரையில் மணிக்கணக்கில் ஆடினால் வலிக்காமல் என்ன செய்யும்?

இங்கேயும் அந்தச் சுண்டுவிரல் கதை உண்டு. உள்பக்கச் செஸமாய்டு சிலருக்குப் பிறவியிலேயே இரண்டு துண்டாக இருக்கும். எக்ஸ்ரேயைப் பார்த்து உடைந்துவிட்டது என்று கட்டுப் போட்டு அனுப்பப்பட்ட ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். அரங்கேற்றத்துக்குத் தேதி குறித்திருந்த நேரம். இரண்டு துண்டின் ஓரமும் வழவழப்பாக வளைந்து இருந்தது, அடிபட்ட ஞாபகமே அவளுக்கு இல்லை. உடைந்த எலும்பின் ஓரம் கூராக, கரடாக இருக்கும். யார் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது, "அடி பட்டதா, எப்போது?" என்பது.

20 ஜனவரி 2024

இப்போது "மிச்சம்".

சிம்பன்சியின் கால்விரல் எலும்புகள் நீளமாக, வளைந்து இருக்கும். கட்டைவிரல் பக்கவாட்டில் விலகி நின்று கிளையைப் பிடிக்கும். நமக்கு எலும்புகள் குட்டை, நேர். கட்டைவிரல் மற்ற விரல்களோடு வரிசையில் நிற்கிறது. பழையதை அப்படியே வைத்திருந்தால்தானே மிச்சம் என்று சொல்ல முடியும்? நம் விரல்கள் வேறு வேலைக்காக மாறியவை.

எத்தியோப்பியாவில் கிடைத்த ஆர்டிபித்தெகஸ் என்ற ஆதி மனித இனம், 44 லட்சம் ஆண்டுக்கு முந்தையது, கட்டைவிரல் இன்னும் விலகித்தான் இருந்தது. ஆனால் தான்சானியாவில் லயடோலி என்ற இடத்தில் எரிமலைச் சாம்பலில் பதிந்த காலடிகள், சுமார் 36 லட்சம் ஆண்டு பழையவை, 1978இல் மேரி லீக்கி என்ற தொல்லியலாளரின் குழு வெளியே எடுத்தது, அவற்றில் கட்டைவிரல் வரிசைக்கு வந்துவிட்டது. குதிகால் பதிந்து, முன்பாதம் பதிந்து, கட்டைவிரல் உந்திய தடம் தெரிகிறது.

எதற்குக் குட்டையானது? இதற்கு ஒரு நல்ல ஆய்வு 2009இல் வந்தது. விரல் நீளம் வேறுவேறாக உள்ளவர்களை நடக்கவிட்டும் ஓடவிட்டும் அளந்தார்கள். நடக்கும்போது பெரிய வித்தியாசம் இல்லை. ஓடும்போது விரல் 20 சதவீதம் நீளமாக இருந்தாலே அதை மடக்கும் தசைகள் இரண்டு மடங்கு விசை கொடுக்க வேண்டியிருந்தது. குட்டை விரல் ஓடுகிறவனுக்கு லாபம். அந்த உறவினரிடம் இதைச் சொல்லுங்கள் தம்பி.

20 ஜனவரி 2024, இன்னும் கொஞ்சம்

மேலே எழுதிவிட்டு யோசித்தேன். கட்டைவிரல் ஒரே நேர்க்கோட்டில் மாறிக்கொண்டே வந்தது என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. எத்தியோப்பியாவில் பர்டெலே என்ற இடத்தில் 2009இல் ஒரு பாதத்தின் எட்டு எலும்புகள் கிடைத்தன, 34 லட்சம் ஆண்டு பழையவை. அதில் கட்டைவிரல் விலகி நின்று பிடிக்கும் வகை. லயடோலிக்குப் பிற்பட்டது அது! நேரே நடந்த பாதமும் மரம் பிடித்த பாதமும் ஒரே காலத்தில் ஆப்பிரிக்காவில் நடமாடியிருக்கின்றன.

24 ஜனவரி 2024

"கட்டைவிரலுக்கு மட்டும் ஏன் இரண்டு?" என்று கேட்ட அக்காவுக்கு.

இது பழைய விவாதம். எலும்பு வளர்கிற விதத்தைப் பார்த்தால் சுவாரசியமான ஒன்று தெரியும். குழந்தைகளின் நீள எலும்பில் வளர்ச்சித்தட்டு என்று ஒன்று உண்டு. விரல் எலும்புகளில் அது அடிப்பக்கத்தில், அதாவது குதிகாலைப் பார்த்த முனையில் இருக்கிறது. இரண்டு முதல் ஐந்து வரை உள்ள மெட்டாடார்சல்களில் எதிர்முனையில், தலைப்பக்கம். முதல் மெட்டாடார்சலில் மட்டும் விரல் எலும்பு மாதிரியே அடிப்பக்கத்தில்!

அப்படியென்றால் முதல் மெட்டாடார்சல் என்று நாம் சொல்வது உண்மையில் கட்டைவிரலின் முதல் எலும்பா, காணாமல் போனது மெட்டாடார்சலா என்று கேட்டவர்கள் உண்டு. கையின் கட்டைவிரலுக்கும் இதே கேள்வி பொருந்தும், அங்கேயும் தட்டு இதே பக்கம்தான். தசைகள் பிடிக்கும் இடத்தை வைத்துப் பார்த்தால் அது மெட்டாடார்சலாகவே நடந்துகொள்கிறது. நான் அந்தப் பக்கம். பாலூட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கும் முதல் விரலில் இரண்டு எலும்புதான், நமக்கு மட்டும் வந்த குறை இல்லை.

உந்தும்போது இதனால் லாபம் இருக்கிறது. மூட்டு ஒன்று குறைந்தால் வளையும் இடம் ஒன்று குறையும். கட்டைவிரல் விறைப்பாக நிற்பதற்கு அது உதவி.

28 ஜனவரி 2024

இரண்டாவது விரல் கட்டைவிரலைவிட நீளமாக இருந்தால் பெண் புருஷனை அடக்கி ஆள்வாள் என்ற பேச்சை இங்கேயும் கொண்டுவந்துவிட்டார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் பாதத்தைக் குனிந்து பார்த்த பெரியவர்களை நான் கண்டிருக்கிறேன். என் சித்தி மகளுக்கு அப்படி ஒரு சம்பந்தம் தட்டிப்போனது. அவளுக்கு இருந்தது ஒரு எலும்பின் நீளம், அவ்வளவுதான்.

பெரும்பாலும் இப்படித் தெரிவதற்குக் காரணம் இரண்டாவது விரல் நீளமாக இருப்பது அல்ல, முதல் மெட்டாடார்சல் குட்டையாக இருப்பது. ஆண்களுக்கும் இருக்கிறது, கிரேக்கச் சிலைகளின் பாதத்திலும் இருக்கிறது. மேலே சொன்ன டட்லி மார்ட்டன் இதை விளக்கியதால் அவர் பெயரிலேயே அழைக்கிறார்கள். முதல் எலும்பு குட்டையாக இருந்தால் எடை இரண்டாவதன் தலைக்குப் போகும், சிலருக்கு அங்கே காய்ப்பு வரும், வலி வரும். பலருக்கு ஒன்றும் வராது.

ஒருவர் இதையும் "மார்ட்டன் நியூரோமா"வையும் ஒன்று என்று எழுதியிருக்கிறார். அது வேறு, ஆளும் வேறு. தாமஸ் மார்ட்டன் 1876இல் எழுதியது மூன்றாவது, நான்காவது விரல்களுக்கு நடுவே நரம்பு தடித்து வரும் வலி. கூழாங்கல்லை மிதித்த மாதிரி இருக்கிறது என்று நோயாளிகளே சொல்வார்கள். இரண்டு மார்ட்டனையும் குழப்பினால் சிகிச்சையும் குழம்பும்.

3 பிப்ரவரி 2024

தம்பி செய்தி அனுப்பியிருக்கிறார், அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன். இடது காலிலும் சுண்டுவிரலில் இரண்டே எலும்பு. எம்.ஆர்.ஐ.யில் எலும்பில் கிருமி இல்லை. புண்ணைச் சுத்தம் செய்து, செருப்பின் வார் ஓரம் உரசியதுதான் காரணம் என்று கண்டுபிடித்திருக்கிறார்கள். விரல் இருக்கிறது.

இதைப் படித்ததும் எனக்கு நான் முதலில் வேலை பார்த்த தொழுநோய் மருத்துவமனை ஞாபகம் வந்துவிட்டது. அங்கேதான் கால்விரல் எலும்பை நான் உண்மையாகக் கற்றேன். தொழுநோய் விரலைத் தின்றுவிடும் என்று ஊரே நம்பியது. கிருமி விரலைத் தின்பதில்லை. நரம்பு கெடுகிறது, உணர்ச்சி போகிறது, பாதத்தின் சின்னத் தசைகள் செயலிழந்து விரல்கள் கொக்கியாக வளைகின்றன. வளைந்த விரலின் நுனி தரையில் இடிக்கும். முள் ஏறினாலும் தெரியாது, சூடு பட்டாலும் தெரியாது, அதே காலோடு நடப்பார்கள். புண், அப்புறம் கிருமி, அப்புறம் எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். எக்ஸ்ரேயில் மெட்டாடார்சல்கள் நுனி சீவிய கூராகத் தெரியும். விரல் "விழுவதில்லை", உள்ளேயே குறுகிப்போகிறது.

1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் இதைத்தான் விடாமல் சொன்னார்: சதையில் கோளாறு இல்லை, வலி இல்லாததுதான் கோளாறு. அவரும் அவரோடு பக்கத்துக் கரிகிரி தொழுநோய் மையத்தில் வேலை செய்தவர்களும் காலுக்கு மெத்தென்ற நுண்துளை ரப்பரில் செருப்பு செய்யக் கற்றார்கள். அதுதான் இன்று நாம் எம்.சி.ஆர். செருப்பு என்று கேட்டு வாங்குவது. பிராண்ட் 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார், அங்கே அதே அறிவு சர்க்கரை நோயாளிகளின் காலுக்குப் போனது. வேலூரில் தொழுநோயாளிகளிடம் கற்றது இன்று உலகம் முழுக்கச் சர்க்கரைக்காரர்களின் விரலைக் காப்பாற்றுகிறது. இதை நான் எத்தனை பேரிடம் சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை.

நல்ல எம்.சி.ஆர். செருப்பில் ஆணி இருக்கக் கூடாது. பின்னால் வார் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் உணர்ச்சி இல்லாதவருக்குச் செருப்பு கழன்றது தெரியாது. கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே பிடி இருக்கும் ரப்பர் செருப்பு சர்க்கரைக்காரர்களுக்கு ஆகவே ஆகாது. பிடி அறுப்பது ஒரு பக்கம், அது கழலாமல் இருக்க விரல்கள் நாள் முழுக்க மடங்கிக்கொண்டே இருக்கும்.

பெண்களுக்கு ஒன்று. மெட்டி இறுகினால், காலில் வீக்கம் இருந்தால், உணர்ச்சி குறைந்திருந்தால் கழற்றிவிடுங்கள். மெட்டிக்கு அடியில் புண் வைத்துக்கொண்டு அது தெரியாமலே வந்தவர்கள் உண்டு. கழற்றக் கூடாது என்று வீட்டில் சொன்னால் என்னிடம் அனுப்புங்கள், நான் பேசுகிறேன்.

4 பிப்ரவரி 2024

"அப்படியானால் எந்த விரலையும் எடுக்கவே கூடாதா?" இல்லை, அப்படிச் சொல்லவில்லை. எலும்பில் கிருமி பரவினால், ரத்த ஓட்டம் நின்று கறுத்துவிட்டால், எடுப்பது காலைக் காப்பாற்றும், உயிரையும் காப்பாற்றும். சுண்டுவிரல் போனவர்கள் பெரும்பாலும் நன்றாகவே நடக்கிறார்கள். கட்டைவிரல் போனால் உந்தும் விசை குறையும், எடை இரண்டாவது மெட்டாடார்சலுக்குத் தாவும், பக்கத்து விரல்கள் கொக்கியாக வளையும். அடுத்த புண் வருவது அங்கேதான். எடுத்த பிறகு செருப்பும் உள்தட்டும் மாற்றாமல் வீட்டுக்கு அனுப்புவதுதான் எனக்குக் கோபம் வரவைப்பது.

11 பிப்ரவரி 2024

மதுரைக்காரர் ஒருவர், "எங்கள் ஊர் பேரில் ஒரு கால் நோய் இருக்கிறதாமே" என்று கேட்டார். இருக்கிறது, மதுரா ஃபுட் என்பார்கள். வெறுங்காலோடு வயலில் நடப்பவருக்கு முள் வழியாகப் பூஞ்சையோ பாக்டீரியாவோ ஏறி, பாதம் வீங்கி, துளை துளையாகக் குருணை கொட்டும். வருடக்கணக்கில் போய் எலும்பையும் அரிக்கும். 1842இல் ஜான் கில் என்ற மருத்துவர் மதுரையில் பார்த்து எழுதியதால் அந்தப் பெயர். அதற்கு மைசெட்டோமா என்று பெயர் வைத்தவர் பம்பாயில் இருந்த வான்டைக் கார்ட்டர். மருத்துவ மாணவர்கள் இன்றும் வைத்துப் படிக்கும் கிரேயின் உடற்கூறு நூலுக்கு 1858இல் படம் வரைந்தவரும் அவரே. பாத எலும்புகளை அவ்வளவு பொறுமையாக வரைந்த கை, பிறகு அதே எலும்புகள் அரிபட்டதை இந்தியாவில் ஆராய்ந்தது.

18 பிப்ரவரி 2024

கட்டைவிரல் போனவர்கள் இழந்தது சின்னது இல்லை என்று ஏறக்குறைய 3000 ஆண்டுக்கு முன்பே ஒருவருக்குத் தெரிந்திருக்கிறது. எகிப்தில் லக்சருக்குப் பக்கத்தில் ஒரு பூசாரி மகளின் மம்மியில் மரத்தாலும் தோலாலும் செய்த கட்டைவிரல் கிடைத்தது. கெய்ரோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது, பொ.ஆ.மு. 950க்கும் 710க்கும் இடைப்பட்ட காலம். விரல் போன இடத்தின் மேல் தோல் வளர்ந்து ஆறியிருந்தது, செயற்கை விரலின் அடியில் தேய்மானம் இருந்தது. செத்தபின் அழகுக்குப் பொருத்தியது அல்ல, உயிரோடு போட்டு நடந்தது. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஜாக்குலின் ஃபின்ச் அதே மாதிரி செய்து, கட்டைவிரல் இல்லாதவர்களைப் போட்டு நடக்கவைத்துப் பார்த்தார். நன்றாகவே நடந்தார்கள். மரத்தை ஒரே துண்டாக விடாமல் துண்டுகளாகச் சேர்த்து மடங்கும்படி செய்திருக்கிறார்கள் என்பதைப் படித்தபோது மனம் நிறைந்துவிட்டது. எந்த வேலைக்காக அந்த விரல் என்று செய்தவருக்குத் தெரிந்திருக்கிறது.

காலிலிருந்து கைக்கும் விரல் போகிறது. 1966இல் ஷாங்காயில் கால் இரண்டாவது விரலை எடுத்துக் கையில் கட்டைவிரலாக வைத்தார்கள், ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்து. 1968இல் இங்கிலாந்தில் கால் கட்டைவிரலையே வைத்தார்கள். இயந்திரத்தில் கை சிக்கியவர்களுக்கு இன்று நம் ஊர் பெரிய மருத்துவமனைகளிலும் செய்கிறார்கள். கால் என்ன இழக்கும் என்று எடை போட்டுப் பார்த்துப் பெரும்பாலும் இரண்டாவது விரலை எடுப்பார்கள்.

2 மார்ச் 2024

கட்டில் காலில் இடித்துச் சுண்டுவிரல் உடைந்தவர் கேட்டதற்கு. பக்கத்து விரலோடு சேர்த்து டேப் ஒட்டுவதுதான் சிகிச்சை. நடுவில் பஞ்சோ காஸ் துணியோ வைக்காமல் ஒட்டினால் வியர்வையில் தோல் ஊறிப் புண்ணாகும். மூட்டின் மேலே ஒட்டாமல் மேலும் கீழும் ஒட்டுங்கள். நான்கு முதல் ஆறு வாரம். விரல் வேறு பக்கம் திரும்பி நின்றாலோ, நகத்தின் அடியில் கிழிந்து ரத்தம் வந்தாலோ, உடைந்தது கட்டைவிரல் என்றாலோ வீட்டு வைத்தியம் வேண்டாம். சர்க்கரை இருந்தால் டேப்பையே டாக்டரைக் கேட்டுத்தான்.

வலி விரலில் இல்லாமல், பாதத்தின் வெளிப்பக்க நடுவில் இருந்தால் அது ஐந்தாவது மெட்டாடார்சல். 1902இல் ராபர்ட் ஜோன்ஸ் என்ற மருத்துவர் நடனமாடும்போது தனக்கே உடைந்ததை வைத்து எழுதிய உடைவு அது. ரத்தம் குறைவாகப் போகும் இடம் என்பதால் ஒட்டத் தாமதமாகும். இதை விரல் உடைவு என்று நினைத்து நடந்துகொண்டிருக்கக் கூடாது.

10 மார்ச் 2024

எலும்பு தன் ஆளின் வேலையைச் சொல்லும் என்பதற்கு ஒரு சான்று எழுதிவிடுகிறேன். சிரியாவில் அபு ஹுரேரா என்ற மிகப் பழைய வேளாண் ஊரைத் தோண்டியபோது, பெண்களின் எலும்புக்கூடுகளில் கட்டைவிரல் மூட்டு தேய்ந்து, மெட்டாடார்சல் தலையில் தட்டையான பள்ளம் விழுந்திருந்தது. முழங்காலும் முதுகும் கூடக் கெட்டிருந்தன. தீயா மொல்லசன் என்ற ஆய்வாளர் காரணம் சொன்னார்: மண்டியிட்டு, கால்விரலை அடியில் மடக்கி ஊன்றி, உடம்பை முன்னும் பின்னும் தள்ளித் தானியம் அரைத்திருக்கிறார்கள், தினமும் மணிக்கணக்கில். எழுத்தே தோன்றாத காலத்துப் பெண்களின் உழைப்பு அந்தச் சின்ன மூட்டில் பதிந்திருக்கிறது. என்னிடம் வரும் வயல்வேலைப் பெண்களின் கட்டைவிரல் மூட்டைத் தொட்டுப் பார்க்கும்போது இதை நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

அதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. பெய்ஜிங் பக்கத்தில் தியான்யுவான் குகையில் கிடைத்த, ஏறக்குறைய 40,000 ஆண்டு பழைய மனிதரின் கால்விரல் எலும்பு மெலிந்திருந்தது. கால் எலும்புகள் தடிமன், விரல் மட்டும் மெல்லிசு. காலணி போட்டால் விரலுக்கு வேலை குறைந்து எலும்பு மெலியும், அதனால் அவர் காலணி போட்டிருப்பார் என்று எரிக் டிரிங்காஸ் என்ற ஆய்வாளர் வாதிட்டார்.

21 ஏப்ரல் 2024

ஜூனில் பள்ளி திறக்கப்போகிறது, பிள்ளைகளுக்கு ஷூ வாங்கும் காலம். அதனால் இந்த இழையை மறுபடி மேலே கொண்டுவருகிறேன்.

மணிபாலில் ராவ், ஜோசப் என்ற இருவர் 2300 பிள்ளைகளின் பாதத்தை ஆராய்ந்து 1992இல் வெளியிட்டார்கள். ஷூ போட்டு வளர்ந்த பிள்ளைகளில் 8.6 சதவீதத்தினருக்குத் தட்டைப் பாதம், வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8. விரல்களை மூடி இறுக்கும் ஷூவில்தான் அதிகம், திறந்த செருப்பில் குறைவு. தட்டைப் பாதம் வந்துவிடும் என்று பயந்து நடக்கத் தொடங்கிய குழந்தைக்கே விறைப்பான பூட்ஸ் வாங்கிப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அதற்காக வெறுங்காலோடு குப்பை மேட்டில் ஓடவிடச் சொல்லவில்லை, கொக்கிப்புழுவும் முள்ளும் இருக்கின்றன. வீட்டுக்குள் வெறுங்கால், வெளியே பட்டை செருப்பு, பள்ளி கேட்டால் ஷூ. ஷூவைக் கடையில் மாலையில் வாங்குங்கள், பகல் முழுக்க நடந்து பாதம் கொஞ்சம் பெருத்திருக்கும். பிள்ளையை நிற்கவைத்துப் பாருங்கள், உட்காரவைத்து அல்ல. மிக நீளமான விரலுக்கு முன்னால், அது இரண்டாவது விரலாகவும் இருக்கலாம், உங்கள் கைக் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் வேண்டும். அப்புறம் ஷூவைக் கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள். விரல் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும். நடுவில் வளைந்தாலோ, எங்கேயுமே வளையாவிட்டாலோ வேறு ஜோடி காட்டச் சொல்லுங்கள். அடுத்த வருடத்துக்கும் ஆகட்டும் என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்கினால், ஷூ கழலாமல் பிடித்துக்கொள்ளவே பிள்ளை விரலை மடக்கி மடக்கி நடக்கும்.